ஜிமிக்கிக்குக் கேட்ட பூ

காளீஸ்வரியை இதற்கு முன் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சிவகங்கையில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு நாயுமாகக் கிளம்பி வந்தவள். இப்போது காரைக்குடியில் அண்ணன் பாண்டியராஜன் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். வந்த அன்று பெட்டியை வாங்கிக்கொள்ள வாசலுக்கு ஆள் வந்தது. நாயை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

நாயின் பெயர் ஜிமிக்கி. வெள்ளைப் பொமரேனியன். கையில் எடுத்தால் ஒரு தலையணைக் கனம் இருக்கும், அவ்வளவுதான். அதன் பின்னங்கால்களில் முட்டிச் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. நாலடி நடந்தால் உள்பக்கம் நழுவிவிடும். உடனே அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் துள்ளும். துள்ளியபடியே காலைப் பின்னால் ஒரு உதறு உதறும். சில்லு திரும்பி வந்து உட்காரும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஜிமிக்கிக்கு என்ன வரும் என்று யாரும் கேட்டதில்லை.

அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று கால்நடை டாக்டர் போன வாரம் சொன்னார். காளீஸ்வரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். செலவு அவள் சம்பளத்தில் நடக்கும். ஆகவே பணத்தைக் காட்டி அவளைத் தடுக்க அண்ணன் வீட்டாரால் முடியவில்லை. சாமியைக் காட்டித் தடுத்தார்கள்.

“ஒரு உசுரு மேல கத்தி வைக்கிற காரியம் தாயி. நம்ம கருப்பர்கிட்டப் பூப் போட்டுக் கேட்டுப்புடுவோம். வெள்ளிக்கிழம போவோம்” என்றார் பாண்டியராஜன்.

அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான் விடிந்தது.

* * *

மாடிப்படி இறங்கும்போதே தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. காளீஸ்வரி படியிலேயே நின்றாள். ஜிமிக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கீழே மதினி சத்தியப்பிரியா எண்ணெய்த் துணியால் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பளபளப்பு வர எண்ணெய் போட்டுத் துடைப்பது இந்தப் பக்கத்து வழக்கம்தான். எப்போதாவது விசேஷத்துக்குச் செய்வார்கள். ஜிமிக்கி இந்த வீட்டுக்கு வந்த பிறகு விசேஷம் வாராவாரம் வந்துகொண்டிருந்தது.

ஜிமிக்கி நடப்பதற்காகக் காளீஸ்வரி விரித்து வைத்திருந்த சாக்குகளைச் சுருட்டிக் கொல்லைக் கதவோரம் எறிந்திருந்தார்கள்.

“சாக்க எதுக்கு மதினி எடுத்தீக? அது வழுக்கி விழுந்துருமே.”

“கோயிலுக்குப் போற நாளும் அதுவுமா கூடத்துல சாக்க விரிச்சு வச்சா இது வீடா, வெங்காயக் கமிஷன் மண்டியா? ஒன் நாயி விழுகுதுன்னு நாங்க எல்லாரும் மண்தரையில குடியிருக்க முடியுமா காளி?”

காளீஸ்வரி சுவரோரமாகக் காலை அழுத்தி வைத்து வாசலைப் பார்த்து நடந்தாள். பாதி தூரம் போயிருப்பாள்.

“ஜிமிக்கி! இந்தா, இங்குட்டு வா! பிஸ்கட்டு!”

கூடத்தின் அந்தக் கோடியில் சத்தியப்பிரியா குந்தியிருந்தாள். விரலிடுக்கில் பிஸ்கட். அந்த வீட்டில் அவள் ஜிமிக்கியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நாய்க்கு மனிதர்களின் குணம் எங்கே தெரிகிறது? பெயர் சொன்னால் அன்பு என்று நினைத்துக்கொள்கிறது. ஜிமிக்கி காளீஸ்வரியின் கையிலிருந்து ஒரே எம்பலில் குதித்தது. குதித்த இடத்திலேயே பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக விலகி, வயிறு தரையில் மோதியது. வீல் என்று ஒரு சத்தம். எழுந்திருக்கப் பார்த்தது, மறுபடி சரிந்தது. கடைசியில் முன்னங்காலால் இழுத்து இழுத்துப் போய் அந்தப் பிஸ்கட்டை வாயில் வாங்கியது.

சத்தியப்பிரியா கையைத் தட்டித் தூளை உதிர்த்தாள்.

“பாத்தியா காளி, விழுந்தாலும் பிஸ்கட்ட விடல. ஒன்னைய மாதிரி இல்ல. பொழைக்கத் தெரிஞ்ச நாயி.”

காளீஸ்வரி ஓடிப் போய் ஜிமிக்கியை அள்ளினாள். அவளுக்கு அழுகை வந்தது. அதை மதினிக்குக் காட்டக் கூடாது என்று வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

* * *

டாக்டர் அழகுசுந்தரம் ஜிமிக்கியை மேசையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முட்டியில் கட்டைவிரலை வைத்தார்.

“போன வாரம் தானா உள்ள போய்க்கிட்டிருந்துச்சு. இப்பக் கையால தள்ள வேண்டியிருக்கு. கைய எடுத்தா மறுபடி வெளிய வந்துருது பாருங்க.” அதன் பாதத்தை மோந்து பார்த்தார். “காலெல்லாம் என்னம்மா எண்ணெய்?”

“சும்மா… வலிக்குமேன்னு நாந்தான் தேச்சு விட்டேன் டாக்டர்.”

அண்ணன் வீட்டு மானத்தைக் காப்பாற்றி அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

“சில்லு ஓடுறதுக்குத் தொடையெலும்புல ஒரு பள்ளம் இருக்கணும். இதுக்குப் பிறவியிலேயே அந்தப் பள்ளம் ஆழமில்ல. அத ஆழப்படுத்தி, கீழ தசைநார் பிடிச்சிருக்கிற எலும்பையும் கொஞ்சம் வெட்டி நேரா நகத்தி வைக்கணும். முதல்ல இந்தக் கால். ஆறின பெறகு அடுத்தது.”

“மயக்க மருந்து தாங்குமா?”

“பயமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். சின்ன உடம்பு. ஆனா தாங்கும்னுதான் நினைக்கிறேன். அதுக்கப்புறந்தான் உங்களுக்கு வேலை. ரெண்டு மாசம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. வழுக்குற தரையில கால் வைக்கவே கூடாது.”

காளீஸ்வரி தலையை ஆட்டினாள். மாடியறையில் கோரைப் பாயை ஒட்டிப் போட்டுக் கதவைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று அவள் மனசு ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தது.

“செய்யலைன்னா டாக்டர்?”

“எலும்போட ஓரமெல்லாம் தேஞ்சு போயிரும். அப்புறம் கத்தி வச்சும் பிரயோசனம் இல்ல. காலத்துக்கும் வலியோட நொண்டும். இதச் செய்யிற சர்ஜன் திங்கக்கிழமை மதுரைக்கு வர்றார். அதை விட்டா அடுத்து எப்ப வருவார்னு என்னால சொல்ல முடியாது. இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.” கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். “ஆமா, எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க?”

“வீட்டுல ஒரு வார்த்தை கேக்கணும்.”

எந்த வீட்டில், யாரைக் கேட்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கணக்கு டீச்சர் என்ன சொல்லியிருப்பாளோ.

* * *

காரை பாண்டியராஜனே ஓட்டினார். பக்கத்தில் சத்தியப்பிரியா. பின்சீட்டில் காளீஸ்வரி, மடியில் ஜிமிக்கி. நேமத்தான்பட்டி தாண்டிக் கண்மாய்க்கரை ஓரமாகப் போனால் கருப்பர் கோயில்.

பாண்டியராஜன் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. தங்கையைத் தாயி என்பார், ஆத்தா என்பார். அவள் புருஷன் மாயக்கண்ணனும் அவரும் கூட்டாகச் செங்கல் சூளை நடத்துகிறார்கள். தங்கை கோர்ட்டுக்குப் போன பிறகும் சூளையில் புகை நிற்கவில்லை. “அது வேற, இது வேற தாயி” என்று அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

இந்தக் குடும்பத்தில் எதையும் பூப் போட்டுத்தான் கேட்பார்கள். கிணற்றுக்குப் போர் போடுவதும் அப்படித்தான், மனை வாங்குவதும் அப்படித்தான். பாண்டியராஜனின் பித்தப்பைக் கல்லை எடுக்கலாமா என்றுகூட, அவர் வலியில் உருண்டுகொண்டிருந்தபோது பூப் போட்டுக் கேட்டார்கள். ஒரு இலையில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொரு இலையில் செவ்வரளி. இரண்டையும் ஒன்றுபோல மடித்து நூல் சுற்றிக் கருப்பர் காலடியில் போடுவார்கள். ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

பொட்டலம் கட்டுவது அந்த வீட்டில் பிறந்த பெண். சாமியிடம் கேட்பது வீட்டுக்கு மூத்த ஆண். புருஷனை விட்டு வந்தவளுக்கு அண்ணன் வீட்டில் மிஞ்சிய மரியாதை அது ஒன்றுதான். சத்தியப்பிரியா எத்தனை ஆங்காரம் பிடித்தாலும் அந்த நூலை மட்டும் தொட முடியாது.

அந்த நூலைக் காளீஸ்வரி ஒரு தரம் திருட்டுத்தனமாகவும் சுற்றியிருக்கிறாள்.

அவள் கல்யாணத்துக்குக் கேட்டபோது அப்பா இருந்தார். மாப்பிள்ளையை அவள் ஒரே ஒரு தடவை, புது மோட்டார் சைக்கிளில் பார்த்திருந்தாள். அந்த ஒரு தடவையே போதுமாக இருந்தது. சிவப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினாள். அரளியைக் கிணற்றில் போட்டாள். “சாமியே சொல்லிருச்சு” என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாமி சொல்லாத அந்தக் கல்யாணம் எப்படிப் போயிற்று என்பதைத்தான் இத்தனை வாரமாகப் பார்த்துவருகிறோம். மாயக்கண்ணன் குடிப்பதில்லை. அடித்ததில்லை. அடித்திருந்தால்கூடக் கோர்ட்டில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவன் சிரித்தான். தானே வாங்கி வந்த ஜிமிக்கியை சோபாவிலிருந்து குதிக்கச் சொல்லி, அது காலைத் தூக்கிக்கொண்டு துள்ளுவதைப் படம் பிடித்துப் பாட்டுச் சேர்த்து அனுப்பினான். ‘எங்க வீட்டு டான்ஸ்காரி.’ ஒருநாள் காளீஸ்வரி அழுவதையும் அப்படியே படம் பிடித்து அனுப்பினான். அன்றைக்குத்தான் அவள் பெட்டியைக் கட்டினாள்.

* * *

கோயிலில் கூட்டமில்லை. பூசாரி வீரையா விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பேத்தி அழகி, ஐந்தாறு வயசுப் பிள்ளை, ஜிமிக்கியைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“ஏன்க்கா இது நொண்டுது?”

“கால்ல சில்லு நழுவுதும்மா.”

“வலிக்குமா?”

“வலிக்கும்.”

அழகி ஜிமிக்கியின் முட்டியில் வாயைக் குவித்து ஊதினாள். இத்தனை நாளில் வலிக்குமா என்று கேட்டது இந்தப் பிள்ளை ஒன்றுதான். காளீஸ்வரி அதன் கையில் ஜிமிக்கியைக் கொடுத்துவிட்டுப் பூப்பையுடன் கிணற்றடிக்குப் போனாள்.

போகும்போது அவளிடம் எந்தத் திட்டமும் இல்லை. நேர்மையாகத்தான் கட்டுவது, வருவது வரட்டும் என்றுதான் இருந்தாள். இலையை விரித்து வெள்ளையை வைத்து மடித்தாள். இரண்டாவது இலையை விரித்து அரளியைக் கையில் எடுத்தாள். அப்போது காலையில் கேட்ட அந்த ‘வீல்’ காதுக்குள் வந்துவிட்டது. எண்ணெய்த் தரையில் வயிறு தேய இழுத்துக்கொண்டு போனது கண்ணுக்கு வந்துவிட்டது.

சிவப்பு வந்தால் திங்கட்கிழமை போய்விடும். அப்புறம் கால் போய்விடும்.

ஒரு நாயின் காலுக்காகச் செய்தால் கருப்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லிக்கொண்டாள். முன்பு தனக்காகச் செய்தது வேறு, இது வேறு. அண்ணனின் வார்த்தை தன் வாயில் வந்ததை அவள் கவனிக்கவில்லை. இரண்டாவது இலையிலும் நந்தியாவட்டையை வைத்து நூலைச் சுற்றினாள். அரளியைக் கிணற்றில் விட்டாள்.

அவள் எழுந்து நடந்தபோது பாண்டியராஜன் கால் கழுவக் கிணற்றடிக்கு வந்துகொண்டிருந்தார்.

“கட்டிட்டியா தாயி?”

“கட்டிட்டேண்ணே.”

“மகராசியா இரு.”

வாளியை இறக்கப் போனவர், விளிம்பில் கையூன்றிக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். தண்ணீர் இறைத்தார். காலைக் கழுவினார். பிறகு புளியமரத்தடிக்குப் போய் யாருக்கோ போன் பேசினார். சூளை விஷயமாக இருக்கும் என்று காளீஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

* * *

கருப்பர் காலடியில் இரண்டு பொட்டலமும் விழுந்தன. வீரையா சூடம் காட்டினார். அழகியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். சத்தியப்பிரியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கும்பிட்டாள்.

பாண்டியராஜன் துண்டை இடுப்பில் கட்டிக் கண்ணை மூடினார்.

“அப்பனே கருப்பா! ஒன் புள்ளைங்க வந்து நிக்கிறோம். இந்த வாயில்லா ஜீவன் எங்க வீட்டுல கெடந்து அவதிப்படுது. இது வந்த எடத்துக்கே திரும்பிப் போகட்டும், யாரு வாங்கினாகளோ அவுககிட்டயே ஒப்படைச்சுருன்னு நீ நெனைச்சா, வெள்ளப் பூ குடு. வீட்டுல வச்சு வைத்தியம் பாருன்னா, செவப்பக் குடு.”

காளீஸ்வரிக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. புரிந்ததும் ஓரடி முன்னால் வந்தாள்.

“அண்ணே! என்னண்ணே கேக்குறீக? ஆப்பரேசன் பண்ணலாமான்னுதான கேக்குறதா…”

“சாமி முன்னால வச்ச பெறகு குறுக்க பேசக் கூடாது தாயி. ஒனக்குத் தெரியாததா?” பாண்டியராஜன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. “எப்படிக் கேட்டாலும் சொல்றது சாமிதான. இல்ல, பொட்டலத்துல ஏதும் தப்பு நடந்து போச்சா? நடந்திருந்தா இப்பவே சொல்லிரு ஆத்தா. பிரிச்சுப் போட்டு, மறுபடி கட்டுவோம். ஒண்ணும் குத்தமில்ல.”

வீரையா சூடத்தட்டோடு அவளைப் பார்த்தார். சத்தியப்பிரியா பார்த்தாள்.

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம், தப்பு நடந்துவிட்டது. அவ்வளவு சொன்னால் ஜிமிக்கிக்குப் பாதி வாய்ப்பாவது மிஞ்சும். சொல்லியிருக்க வேண்டாமா என்று நமக்கு இங்கே உட்கார்ந்து கேட்பது சுலபம். இந்தப் பொட்டலத்தில் தப்பு என்றால் இதற்கு முன் அவள் கட்டிய பொட்டலம்? செத்துப்போன அப்பா நம்பி அழுத அந்த வெள்ளைப் பூ? பூவை மாற்றியவள் கட்டிக்கொண்ட புருஷனைத்தான் இப்போது வேண்டாம் என்று கோர்ட்டில் நிற்கிறாள் என்று இந்த ஊர் பேசாதா? கருப்பரை ஏமாற்றியவளுக்கு அண்ணன் வீட்டு மாடியறைகூட மிஞ்சாதே!

“இல்லண்ணே. தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“அப்பச் சரி. எடு பாப்பா.”

அழகி கண்ணை இறுக்க மூடினாள். சற்று முன் ஜிமிக்கியின் முட்டியைத் தடவிய அதே கையால் துழாவினாள். ஒன்றைத் தொட்டாள், விட்டாள், இன்னொன்றை எடுத்தாள். எதை எடுத்தால் என்ன?

வீரையா நூலைப் பிரித்தார். “வெள்ள! உத்தரவு ஆயிருச்சு!”

“சாமியே சொல்லிருச்சு” என்றாள் சத்தியப்பிரியா.

அழகிக்குச் சந்தோஷம். “அக்கா, வெள்ளப் பூ வந்துருச்சு! ஜிமிக்கிக்குக் கால் சரியாயிருமா?” என்று காளீஸ்வரியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் அந்தக் கையை விலக்கினாள். பிள்ளை மேல் என்ன தப்பு என்று தெரிந்தேதான் விலக்கினாள்.

காலடியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுக்க வீரையா குனிந்தார். பாண்டியராஜன் முந்திக்கொண்டார்.

“நான் கெணத்துல போட்டுர்றேன் பூசாரி” என்று அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகிற வழியில் கிணற்றுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

* * *

வீடு திரும்பியபோது வாசலில் சிவகங்கை வண்டி நின்றது. காளீஸ்வரிக்கு அந்த வண்டியைத் தெரியும். புளியமரத்தடிப் போன் யாருக்கு என்பதும் அப்போது தெரிந்துவிட்டது. சாமி உத்தரவு கொடுப்பதற்கு முன்பே அண்ணன் சிவகங்கைக்குச் சொல்லிவிட்டார்.

கூடத்தில் மாயக்கண்ணன் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மச்சான். ஊருக்கு வேலையா வந்தேன். நீங்க போன் பண்ணுனீக, வந்துட்டேன்.” காளீஸ்வரியைப் பார்த்துச் சிரித்தான். “என்ன டீச்சரம்மா, டான்ஸ்காரி எப்படி இருக்கா?”

அவள் ஜிமிக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். தரமாட்டேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் மாயக்கண்ணன் நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தான்.

ஜிமிக்கியின் காது நிமிர்ந்தது. வால் காளீஸ்வரியின் கையில் படபடவென்று அடித்தது. அவள் பிடியிலிருந்து நெளிந்தது, முனகியது, பிறாண்டியது, கடைசியில் குதித்தேவிட்டது. எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்து, எழுந்து, சில்லு நழுவிய காலைத் தூக்கிக்கொண்டு, மூன்று காலில் துள்ளித் துள்ளி அவனிடம் ஓடியது. அவ்வளவு ஆசையாக ஓடியது.

அதைத்தான் காளீஸ்வரியால் தாங்க முடியவில்லை.

“ஆகா ஆகா! மறக்கல பாருங்க மச்சான்!” மாயக்கண்ணன் போனை எடுத்துப் பிடித்தான். “இன்னொரு தரம், இன்னொரு தரம்! அங்குட்டுப் போய் வா!”

சத்தியப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாண்டியராஜனும் சிரித்தார்.

காளீஸ்வரி அவன் முன்னால் வந்து நின்றாள். இந்த ஆளிடம் இனி எதையும் கேட்பதில்லை என்று அவள் எடுத்திருந்த வைராக்கியம் அந்தக் கூடத்திலேயே போயிற்று.

“திங்கக்கிழம மதுரையில டாக்டர் வர்றாக. நீங்களாச்சும் கூட்டிப் போங்க. செலவு நான் தர்றேன். கையெடுத்துக் கும்பிடுறேன்.”

“கால் சரியாயிட்டா அப்புறம் இதுகிட்ட என்ன இருக்கு? டான்ஸ் ஆடாத நாயை எவன் பாப்பான்?” ஜிமிக்கியைக் கழுத்துப் பட்டையில் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “கூட்டிப் போகணும்னா ஒண்ணு செய்யலாம். நீயும் வந்து வண்டியில ஏறு. கேஸ வாபஸ் வாங்கு. திங்கக்கிழம நானே ஓட்டிக்கிட்டுப் போறேன். ரெண்டு பேரும் கூட இருந்து பாத்துக்கலாம். என்ன?”

அவள் போன் மணி அடித்தது. டாக்டர் அழகுசுந்தரம். சாயந்தரம் ஆகிவிட்டது. அடித்து அடித்து அதுவாக நின்றது.

“அதெப்படி மாப்ள, சட்டுன்னு ஏறுன்னா ஏறிருவாளா?” என்றார் பாண்டியராஜன். “பொம்பளப் புள்ள வாழ்க்கை. சாமியக் கேக்காமச் செய்யலாமா? ஞாயித்துக்கிழம போய்க் கேட்டுப்புடுவோம். திங்கக்கிழமைக்குத்தான் இன்னும் நேரமிருக்கே.”

மாயக்கண்ணன் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான். வண்டி தெருமுனை திரும்பும்வரை ஜிமிக்கி குரைத்துக்கொண்டே போயிற்று. சந்தோஷத்தில் குரைத்ததா, அவளைத் தேடிக் குரைத்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சத்தியப்பிரியா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தில் அண்ணனும் தங்கையும் மட்டும் நின்றார்கள்.

“அரளி தண்ணியில மெதக்கும் தாயி” என்றார் பாண்டியராஜன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒன் கல்யாணத்துக்குக் கேட்டப்பவும் மெதந்துச்சு. அப்பா கண்ணுல பட்டுரக் கூடாதேன்னு வாளிய விட்டு நாந்தான் அள்ளி எறிஞ்சேன். ஆசைப்படுறாளே, நல்லா இருந்துட்டுப் போகட்டும்னு யார்ட்டயும் சொல்லல. இன்னைக்கும் நாந்தான் அள்ளுனேன்.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டிலும் சிவப்பைக் கட்டினால்? அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே செத்துவிட்டது. எந்தப் பூவைக் கட்டுவது என்பது அவள் கையில் இருக்கலாம். என்ன கேட்பது என்பது அண்ணன் வாயில் அல்லவா இருக்கிறது.

பாண்டியராஜன் சட்டைப் பையில் கையை விட்டு, நூல் பிரிக்காத அந்தப் பொட்டலத்தை எடுத்தார். அவள் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

“பத்திரமா வச்சுக்க ஆத்தா. ஞாயித்துக்கிழமைக்கு நீ இதே மாதிரி இன்னும் ஒண்ணு மட்டும் கட்டினாப் போதும்.”